காதை விட்டுட்டுச் சொல்லு

எல்லாத் தொழிற்சாலையிலும் குறையைக் கண்டுபிடித்து எடுக்க ஆள் வைத்திருப்பார்கள். அக்கா வேலை பார்த்த இடத்தில் குறை வைப்பதற்கு ஆள் வைத்திருந்தார்கள். அச்சு அசல் மனிதனைப் போலவே ரோபோ செய்கிற கம்பெனி அது. கீழ்த்தளத்தில் தோலை வார்ப்பார்கள். நடுத்தளத்தில் மோட்டாரும் ஒயரும் பூட்டுவார்கள். அதற்கு மேலே பேசப் பழக்குவார்கள். எல்லாம் முடிந்து, மூக்கும் முழியுமாக, ஒரு சொல் சொல்ல இடமில்லாமல் வந்து நிற்கும். பிறகுதான் மாடியின் கோடியில் இருக்கும் அறைக்கு வரும். அங்கே நாலைந்து பேர் உட்கார்ந்து அதைக் கொஞ்சம் கெடுத்து அனுப்புவார்கள்.

வேலையற்ற வேலை என்று நினைக்க வேண்டாம். குறையே இல்லாத முகத்தைப் பார்த்தால் ஜனங்கள் பயந்தார்கள். பொம்மை பொம்மையாக இருந்தால் கொஞ்சலாம். மனுஷன் மனுஷனாக இருந்தால் சண்டையாவது போடலாம். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வந்து நின்று, கண்ணை இமைக்காமல் சிரித்தால், பெரிய பெரிய ஆள்களே நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். ஆனால் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. பயந்துகொண்டே கிட்டே போய், யாரும் கவனிக்காத நேரத்தில் அதன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலை உடுப்பில் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பயத்தைக் குறைக்கத்தான் இந்த அறை. பேச்சின் நடுவே எச்சில் விழுங்க வைப்பார்கள். ஒரு கண்ணை மற்றக் கண்ணைவிட மயிரிழை தாமதமாக மூட வைப்பார்கள். காரணமே இல்லாமல் காலரைச் சரிசெய்ய வைப்பார்கள். பிழை வைத்துப் பிழைக்கிறவர்கள் என்று மற்றத் தளத்துக்காரர்கள் கேலி செய்வது வழக்கம்.

அந்த அறையில் கைதேர்ந்தவள் அக்கா. அவளுக்கு வேறு பெயர் உண்டு. அது அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. தம்பி பிறந்து, அவன் வாயில் முதல் சொல்லாக 'அக்கா' வந்ததிலிருந்து வீட்டில் அவள் அக்கா. பெற்றவளே அப்படித்தான் கூப்பிட்டாள். பிறகு அவன் லிஃப்ட் மெக்கானிக் ஆகி, இந்தத் தொழிற்சாலை லிஃப்டைச் சரிபார்க்க வந்தபோது, எல்லாத் தளத்துக்கும் கேட்கிற மாதிரி "அக்கா" என்று கத்தியதில் இங்கேயும் அவள் அக்காவாகிவிட்டாள். இப்போது கூப்பிட உரிமைப்பட்டவன் போய்விட்டான். பெயர் மட்டும் ஊரார் வாயில் கிடக்கிறது.

தம்பி தங்கமான பையன்தான். ஆனால் வாயைத் திறந்தால் பொய். பெரிய பொய் இல்லை; சாப்பிட்டுவிட்டேன், வண்டியை நான் இடிக்கவில்லை, நேரத்தோடு வந்துவிடுவேன், இந்த மாதிரி. சொல்வதற்கு முன்னால் இடது கை தானாக மேலே போகும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் காது மடலைப் பிடித்து, அது இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் மெல்ல இழுப்பான். பாதி மூச்சு வாங்குவான். அப்புறம் பொய் வரும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் புளுகு வாயை விட்டு இறங்குவதற்கு முன்பே அகப்பட்டுவிடும். அம்மா அடுப்படியிலிருந்து கொஞ்சம்போலத் திரும்பி, "காதை விட்டுட்டுச் சொல்லுடா" என்பாள். அவன் கையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பான். உண்மை தானாக வெளியே வரும்.

அவனுக்கு ரத்தத்தில் ஏதோ வந்தது. ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடியில் கிடந்தான். மழை தொடங்கியபோது உள்ளே போனவன், மழை விடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். அன்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். அக்கா அழுது குரல் போய்க் கிடந்தாள். அம்மா மட்டும் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் அழவில்லை. மகனுடைய அறையைச் சாத்தினாள். பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. அழுது தீர்த்துவிட்டால் நல்லது என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அக்காவிடம் கிசுகிசுத்தார்கள், ஏதோ அவள்தான் அந்த அழுகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பதுபோல.

இது நடந்து கொஞ்ச காலம் கழித்து அதே ஆஸ்பத்திரி கம்பெனியிடம் ஒரு ரோபோ வாங்கியது. உறவுக்காரர்கள் காத்திருக்கும் கூடத்தில் மேஜை போட்டு அதை உட்கார்த்தினார்கள். உள்ளே இருக்கிற நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது அதன் வேலை. இளம் வயது, நீலச் சட்டை, படிய வாரிய முடி. நாள் முழுவதும் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாததால் ஆஸ்பத்திரி ஊழியர்கள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள். நல்ல செய்தியை மாப்பிள்ளை நன்றாகவே சொன்னது. கெட்ட செய்திதான் அதற்குச் சொல்லத் தெரியவில்லை. கேன்டீன் எந்தப் பக்கம் என்று சொல்லும் அதே குரலில், அதே முகத்தோடு, "உங்க கணவர் இறந்துட்டார்" என்றது. அதைக் கேட்ட பெண் கைப்பையால் அதன் முகத்திலேயே அடித்துவிட்டாள். ஆஸ்பத்திரி அதைத் திருப்பி அனுப்பியது.

அக்காவின் பிரிவுக்குத் தலைவர் ஒருவர் உண்டு. யார் எதைச் சொன்னாலும் "சரி" என்பார்; அதனால் அவர் சரி சார். "கெட்ட சேதி சொல்றதுக்கு முன்னாடி அது கொஞ்சம் தயங்கணும்" என்றார் அவர். "சொல்றவனுக்கும் மனசு கஷ்டப்படுதுன்னு தெரியணும். சரியா?"

எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பெருமூச்சு விட வைத்தால் நாடகம் மாதிரி இருந்தது. தலை குனிய வைத்தால் பேட்டரி தீர்ந்தது மாதிரி இருந்தது. கண் கலங்க வைக்கப் பார்த்ததில் கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கி மோட்டார் புகைந்ததுதான் மிச்சம். கடைசியில் அக்கா, உடம்பெல்லாம் குறிகள் ஒட்டிய கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு காமிராக்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். அவள் எப்படி அசைகிறாளோ அப்படியே எதிரில் இருக்கும் மாப்பிள்ளையும் அசையும். யாருக்கோ கெட்ட சேதி சொல்லப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவள் கண்ணை மூடினாள். யோசிக்கவில்லை, கை தானாகப் போயிற்று. இடது காது மடலைப் பிடித்து மெல்ல இழுத்தாள். பாதி மூச்சு வாங்கினாள்.

கண்ணைத் திறந்தபோது எதிரில் தம்பி உட்கார்ந்திருந்தான். முகம் வேறு, நிறம் வேறு, முடி வேறு. ஆனாலும் தம்பிதான். அவளுக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஓடவில்லை. "இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றாள்.

"இது சரி" என்றார் சரி சார், அன்றைக்காவது மனதார.

அது யாருடைய கை என்று அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. பொய்யின் கை அது என்பது அவளுக்கே நினைவு வரவில்லை. செத்துப் போனவர்களின் குற்றம் குறையெல்லாம் செல்லமாகிவிடும் அல்லவா? அவளுக்கு இப்போது அது தம்பியின் கூச்சம், தம்பியின் இளகிய மனசு. அவன் உடம்பிலிருந்த ஒன்றாவது உலகத்தில் நடமாடட்டும் என்று நினைத்தாள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனது. அதே அச்சில் வேறு ஊர்களுக்கும் பல போயின. சோதனைக்கென்று ஒரு தலையும் இரண்டு கைகளும் மட்டும் அறையில் தங்கின. மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் அக்கா அதை ஓட விட்டுப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் பயமாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் இன்னொரு தடவை பார்க்கத் தோன்றும். பார்த்து முடித்துவிட்டுத் துணியைப் போட்டு மூடுவாள்.

அம்மாவுக்குக் கண்ணில் அழுத்தம். அதற்காக அவ்வப்போது அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்வருவாள். ஒருநாள் போய்வந்தவள் அடுப்படியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அக்கா கூர்ந்து கேட்டாள். பாட்டு.

"என்னம்மா, டாக்டர் என்ன சொன்னார்?"

"அவர் என்ன சொல்லுவார், மருந்தை விடாம போடச் சொன்னார். நீ உட்காரு, ஆறிடப் போகுது."

அன்று அம்மா இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அடுத்த வாரமும் கண் டாக்டரிடம் போனாள். பிறகு நடுவில் ஒரு நாள். பிறகு நாள் தவறாமல். சாத்திக் கிடந்த தம்பியின் அறையில் ஜன்னல் திறந்தது, விரிப்பு மாறியது. அவன் சட்டைகள் துவைத்துக் கொடியில் ஆடின. அக்காவுக்கு மனசு நிறைந்தது. ஒருவழியாகத் துக்கம் ஆறுகிறது என்று நினைத்தாள். கண்ணுக்கு மருந்து வாங்கப் போனவள் மனசுக்கும் சேர்த்து வாங்கி வந்திருக்கிறாள் என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லிச் சிரித்தாள். நாம் எல்லோரும் அப்படித்தான். அழுகிறவர்களிடம் ஆயிரம் காரணம் கேட்போம், சிரிக்கிறவர்களிடம் ஒன்றும் கேட்க மாட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் வேறோர் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. சரி சார் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். அங்கே ஒருவரிடம், அவருடைய அண்ணன் இறந்துவிட்டதாக ரோபோ சொல்லியிருக்கிறது. மனிதர் நம்பவில்லை. 'இது எதையோ மறைக்குது, பொய் சொல்றவன்தான் இப்படிக் காதைப் பிடிப்பான்' என்று கத்திவிட்டு, மாடி மாடியாக ஏறி, அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்திருக்கிறார். பல பேர் சேர்ந்துதான் அவரைப் பிடித்து உட்கார்த்தினார்களாம்.

"அது பொய் இல்ல சார், தயக்கம்" என்றாள் அக்கா. அவளுக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது. "அந்தாளு அதிர்ச்சியில ஏதோ பேசியிருக்கார். அதுக்காக எடுத்துருவீங்களா?"

"சரி. எதுக்கும் நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கு நேர்ல போய்ப் பார்த்துட்டு வாங்க. எடுக்கணுமா வைக்கணுமான்னு நீங்களே சொல்லுங்க. வச்சது நீங்கதானே."

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக் கூடத்துக்குள் நுழைந்தவள் அப்படியே தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். நாற்காலி வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். விசேஷத்துக்குப் போகும்போது உடுத்துகிற உடுப்பு, வாரி முடித்த தலை, மடியில் கைப்பை. கண் டாக்டரின் அறை இடது பக்கம். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து, பிறகு எழுந்து மேஜைக்குப் போனாள்.

"சொல்லுங்கம்மா" என்றது மாப்பிள்ளை.

"என் பையன் எப்படி இருக்கான்னு தெரியணும்." பெயரைச் சொன்னாள். மூன்றாவது மாடி என்றும் சொன்னாள்.

மாப்பிள்ளை இமைத்தது. இடது கை மேஜையை விட்டு எழுந்தது. காது மடலைப் பிடித்து மெல்ல இழுத்தது. பாதி மூச்சு வாங்கியது. "அம்மா, வருத்தமான சேதிதான் சொல்ல வேண்டியிருக்கு. உங்க மகன் இறந்துட்டார்."

அம்மா மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் குனிந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"காதை விட்டுட்டுச் சொல்லுடா."

"மன்னிக்கணும்மா, எனக்குப் புரியலை. திரும்பச் சொல்லட்டுமா?"

"சொல்லு."

கை மறுபடி காதுக்குப் போயிற்று. "உங்க மகன் இறந்துட்டார்." அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்னப் பிள்ளை கையும் களவுமாக அகப்பட்டால் பெற்றவள் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

அக்கா தூணை விட்டு நகரவில்லை. பக்கத்தில் நின்றிருந்த செக்யூரிட்டிக்காரர் அவளைக் கவனித்துவிட்டு, "தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார்.

"எங்கம்மா."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "தினம் வராங்கம்மா. முதல்ல பாவமா இருந்துச்சு. இப்ப நிஜமாவே பயமா இருக்கு. நானும் ரொம்ப காலமா இந்த வாசல்ல நிக்கறேன். சாவுச் சேதியைக் கேட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டே போறவங்களை நான் பார்த்ததில்லை."

அக்கா தன் போன் நம்பரை அவரிடம் கொடுத்தாள். மேஜைக்குப் போகத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் வீட்டில், அம்மா பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் பேச்சை எடுத்தாள்.

"அந்தக் கையை நான்தான்மா வச்சேன்."

"தெரியும்" என்றாள் அம்மா, துடைப்பதை நிறுத்தாமல். "பார்த்த அன்னைக்கே தெரியும். உன்னை விட்டா வேற யாருக்குத் தெரியும் அது?"

"அப்புறம் ஏன்மா தினம் போய் அந்தச் சேதியைக் கேக்கறே? எப்படிம்மா உன்னால கேக்க முடியுது?"

"வேற எதைக் கேட்டாலும் அது காதைத் தொட மாட்டேங்குதே. நானும் என்னென்னமோ கேட்டுப் பார்த்துட்டேன். கேன்டீன் எங்கேன்னு கேட்டேன், மணி என்னன்னு கேட்டேன், மழை வருமான்னுகூட கேட்டேன். கை அசையலை. அவனைக் கேட்டாத்தான் அசையுது."

அக்கா அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்குப் புத்தி கெட்டுப் போகலைடி. மெஷின்னு தெரியும். கிட்டப் போனா ரப்பர் வாடை அடிக்குது." அம்மா துணியைக் கீழே வைத்தாள். "கடைசியா அவன் என்கிட்ட என்ன பேசினான்னு உனக்குத் தெரியாது. நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தே. இடது கையில ஊசி குத்தி டியூப் மாட்டி வச்சிருந்தாங்க. அந்தக் கையைத் தூக்க முடியாம தூக்கி, காதைப் பிடிச்சான். 'சீக்கிரம் வீட்டுக்கு வந்துருவேன்மா'ன்னான். எத்தனை வருஷமா சொல்லியிருப்பேன், காதை விட்டுட்டுச் சொல்லுடா, காதை விட்டுட்டுச் சொல்லுடான்னு. அன்னைக்கு வாய் வரலை. சரிப்பான்னு தலையாட்டினேன். அந்தப் பொய்யை நான் நம்பிட்டேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் போனான்."

"அம்மா, விடும்மா."

"இப்ப அதே காதைப் பிடிச்சுக்கிட்டு, செத்துட்டேங்கறான். பொறந்ததுல இருந்து அவன் காதைப் பிடிச்சுச் சொன்ன ஒண்ணையும் நான் நம்பினதில்லை. இதை மட்டும் எதுக்கு நம்பணும்?"

அப்போதுதான் அக்காவுக்குத் தான் செய்து வைத்தது உறைத்தது. உலகத்தில் எவ்வளவோ சேதி இருக்க, திருப்பி வாங்கவே முடியாத உண்மையைச் சொல்கிற வாய்க்கு, பொய்யனின் கையைக் கொடுத்துவிட்டாள். முன்பின் தெரியாத அந்த ஊர்க்காரருக்குக்கூட அது புரிந்திருக்கிறது. கூடப் பிறந்தவளுக்குப் புரியவில்லை.

புரிந்தும் அவள் அதை எடுக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அம்மா சாப்பிடுகிறாள், பாடுகிறாள், தலை வாருகிறாள். யார் குடியைக் கெடுத்தது இது? அழுகிற குழந்தையிடம் பொய் சொல்லித்தானே தூங்க வைக்கிறோம்? இப்படியெல்லாம் தனக்குத் தானே வக்காலத்து வாங்கிக்கொண்டாள். அம்மாவுக்காக மட்டும் இல்லை. அதை எடுத்துவிட்டால் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் துணியை விலக்கிப் பார்ப்பதற்கு அவளுக்கு என்ன இருக்கிறது? சரி சாரிடம் போய், மற்ற ஊர்களில் எடுத்துவிடலாம், நம் ஊரில் மட்டும் இருக்கட்டும் என்று சொன்னாள். அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. "சரி" என்றார்.

கொஞ்ச நாள் ஓடியது. ஒரு பகல் வேளையில் செக்யூரிட்டிக்காரர் போன் செய்தார்.

"அம்மா மூணாவது மாடியில இருக்காங்க. நான் கூப்பிட்டா வர மாட்டேங்கறாங்க. கொஞ்சம் வாங்கம்மா."

அக்கா லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி ஓடினாள். வார்டில் ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் திரை தொங்கும். வழி நெடுக அந்தத் திரைகள் திறந்து கிடந்தன. கட்டில்களில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "'அவன் சாகலையாமே, எங்கே மாத்தி வச்சிருக்கீங்க'ன்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க" என்றாள் நர்ஸ், பாதி கோபமும் பாதி இரக்கமுமாக.

ஜன்னலோரக் கட்டில், தம்பி கிடந்த அதே கட்டில். இப்போது வேறொரு பையன் கிடந்தான். தம்பி வயதுதான் இருக்கும். கையில் டியூப். அம்மா அந்தக் கையை வலிக்காமல் இரண்டு கையாலும் தூக்கி, அவன் காதருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தொடுப்பா. ஒரே ஒரு தடவை. தொட்டுட்டு, வீட்டுக்கு வந்துருவேன்னு சொல்லு. நான் போயிடறேன்."

பையன் மிரண்டு போய், எதிர்ப்பக்கம் நின்ற தன் தாயைப் பார்த்தான். அந்தத் தாய் அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "என் பையன் உசுரோட இருக்கான்மா. இவங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

அம்மா அதற்கும் கையை விடவில்லை. அக்காதான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். விரல்கள் பச்சைத் தண்ணீரில் கிடந்ததுபோல் ஜில்லென்று இருந்தன. வாடகைக் காரில் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வந்ததும் அம்மா தம்பியின் அறைக்குப் போய், ஏற்கெனவே விரித்திருந்த விரிப்பை உதறி மறுபடியும் விரித்தாள். வாசலில் நின்று அதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கம் ஆறவில்லை. வருகிற ஆளுக்கு அறை தயாராகிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் அவள் கறுப்பு உடையை மாட்டிக்கொண்டாள். "நம்ம ஊர்லயும் எடுத்துடலாம் சார்" என்றாள். "புதுசா நானே உட்கார்ந்து தரேன்."

"அதுக்குப் பதிலா என்ன வைக்கப் போறீங்க?"

"ஒண்ணும் வைக்கப் போறதில்லை. கையை மேஜைமேல வச்சுக்கிட்டு, நேராப் பார்த்துச் சொல்லும். அவ்வளவுதான்."

சொல்வது சுலபம். அந்த வாக்கியத்தை அவள் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. போயிட்டான் என்பாள், இல்லாமப் போயிட்டான் என்பாள். இப்போது காமிராக்களுக்கு நடுவில் உட்கார்ந்து, "உங்க மகன் இறந்துட்டார்" என்று சொல்ல வாயெடுத்தால், இடது கை தானாக எழுந்தது. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் எழுந்தது. கடைசியில் வலது கையால் இடது கையைப் பிடித்து மேஜையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு சொன்னாள். எதிரில் அந்த முகமும் தன் கையை அப்படியே அழுத்திக்கொண்டு, அவள் கண்ணுக்குள் பார்த்துச் சொன்னது. சரி சார் சரி என்று சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

பழையதை அழிப்பதற்கு முன் துணியை விலக்கி, கடைசியாக ஒரு தடவை ஓட விட்டாள். காது, பாதி மூச்சு. ஒரே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள் என்று மனசு கெஞ்சியது. வைத்துக்கொண்டால் எங்கே போய் முடியும் என்று மூன்றாவது மாடியில் பார்த்தாகிவிட்டது. அழித்தாள். அன்று முழுவதும் அவளுக்குத் தம்பியை மறுபடியும் ஒரு தடவை தூக்கிக் கொடுத்துவிட்டு வந்ததுபோல இருந்தது.

ஆஸ்பத்திரி மாப்பிள்ளைக்கும் அதை மாற்றி முடித்த மறுநாள் காலை, அம்மா தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"நானும் வரேன்மா" என்றாள் அக்கா.

"உனக்கு வேலை இல்லையா?"

"லீவு போட்டிருக்கேன். சும்மாதான்."

அம்மா சீப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். தன் கை எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் அக்கா கவனித்தாள். சட்டென்று கீழே போட்டாள். அம்மா வாயைத் திறந்தாள்; ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

கூடத்தில் கூட்டம் அதிகம் இல்லை. அம்மா காத்திருக்காமல் நேரே மேஜைக்குப் போனாள். அக்கா ஓரடி பின்னால் நின்றாள்.

"சொல்லுங்கம்மா."

"என் பையன் எப்படி இருக்கான்?" பெயரைச் சொன்னாள்.

மாப்பிள்ளை இமைத்தது. அம்மா அதன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை வலது கை மேஜையோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது. "அம்மா, உங்க மகன் இறந்துட்டார்" என்றது, அவள் முகத்தை நேராகப் பார்த்து.

அம்மா காத்திருந்தாள். கை எழவில்லை.

"திரும்பச் சொல்லு."

"உங்க மகன் இறந்துட்டார்மா."

அம்மா அந்தக் கையை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு கையைப் பின்னால் நீட்டித் துழாவி, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். உதடு கோணியது. "அக்கா" என்றாள், தம்பி கூப்பிடுகிற மாதிரி. "காதை விட்டுட்டுச் சொல்லிட்டான்டி."

அடிவயிற்றிலிருந்து வந்தது அழுகை. அந்த மழைக்காலத்திலேயே அழுதிருக்க வேண்டிய அழுகை அது. அக்கா அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். கூடத்தில் இருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் அழுகிறவர்களைப் பார்க்கிற மாதிரி ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அன்று வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டவளுக்கு, செக்யூரிட்டிக்காரர் ஒரு நாற்காலியை எடுத்துவந்து போட்டார்.